சோஹோவின் அச்சுகள்

1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பியது. கென்ட் கடற்கரைக்கு எதிரே உள்ள குட்வின் மணல்திட்டுகளைக்கூட அதனால் தாண்ட முடியவில்லை. புயலில் தரைதட்டி உடைந்தது. சென்னை ராஜதானியில் புழங்குவதற்கென்று பீப்பாய்களில் அடைத்து அனுப்பப்பட்ட சுமார் 50 டன் செப்புக் காசுகளும் அதோடு மூழ்கின. 1980களில் மூழ்காளர்கள் அவற்றில் பல லட்சங்களை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும் இருக்கும். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன்கீழ் ரோமானிய எண்ணில் பத்து அல்லது இருபது, பக்கத்தில் 'கேஷ்' என்ற சொல். நம்முடைய 'காசு'தான் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து அப்படி வெளியே வந்தது.

அந்தப் பத்துக் காசுகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விளிம்பு பிசகாது. இன்று இது யாரையும் வியக்க வைக்காது. ஆனால் அவை அடிக்கப்பட்ட பர்மிங்ஹாம் நகரத்து சோஹோ பட்டறையில், இந்தப் பிசகாமைக்காக ஒரு மனிதர் கால் நூற்றாண்டுக் காலம் போராடினார். போராட்டம் முழுவதும் அச்சு என்ற ஒரு சிறு எஃகுத் துண்டைச் சுற்றி நடந்தது.

அச்சு நமக்குப் பழகிய சொல். அச்சுவெல்லம், முறுக்கு அச்சு என்று சமையலறை வரை வந்துவிட்டது. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'அச்சு' என்பது நாணயத்தின் பெயராகவே வருகிறது. அடித்த கருவியின் பெயர் அடிபட்ட பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. நாணய அச்சைச் செதுக்குகிறவன் எல்லாவற்றையும் தலைகீழாக நினைக்க வேண்டும். அரசனின் மூக்கு காசில் மேடாக வர, அச்சில் அது பள்ளமாக இருக்க வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்க வேண்டும்.

பழைய முறை எளியது. ஓர் அச்சைப் பட்டடையில் பதித்துவிட்டு, அதன்மேல் உலோக வில்லையை வைத்து, இன்னோர் அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் அடிப்பார்கள். சம்மட்டியை நேராக வாங்கும் மேலச்சு சீக்கிரம் விரிசல் காணும். அச்சில் விழுந்த விரிசல் காசில் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். நாணயவியலாளர்கள் அந்தக் கோடு வளர்வதைப் பார்த்தே எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துகிறார்கள். பின்னால் சம்மட்டியின் இடத்துக்குத் திருகு அழுத்தி வந்தது. ஆனாலும் அச்சுகளில் கைவேலை நீடித்தது. எழுத்துகளைத் தனித்தனி உளிகளால் ஒவ்வொன்றாகப் பதித்ததால், ஒரே ஆண்டின் இரண்டு அச்சுகளில்கூட எழுத்தின் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது.

கள்ளநாணயக்காரன் வாழ்ந்தது இந்த இடைவெளியில்தான். நல்ல காசுகளே தமக்குள் வேறுபடும்போது, கள்ளக் காசு கூட்டத்தில் எளிதாகக் கலந்துவிடும்.

1775க்குப் பிறகு லண்டன் அரசு நாணயச் சாலை செப்பு அரைப்பென்னி அடிப்பதை நிறுத்திவிட்டது. தொழிற்சாலைகள் பெருகிய காலம். கூலி கொடுக்கச் சில்லறை வேண்டும். அந்தப் பள்ளத்தைக் கள்ளக் காசு நிரப்பியது. 1787இல் நாணயச் சாலை நடத்திய சோதனையில், புழக்கத்திலிருந்த அரைப்பென்னிகளில் உருப்படியாகத் தேறியவை நூற்றுக்கு எட்டுதான். அவற்றில் பெரும்பகுதி பர்மிங்ஹாமிலிருந்து வந்தது என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஊரின் கொச்சைப் பெயரே ஆங்கிலத்தில் போலிச் சரக்குக்கு அடைமொழியாகிவிட்டது.

தண்டனைக்கு மட்டும் குறைவில்லை. பொன், வெள்ளி நாணயங்களைப் போலியாக அடிப்பது ராஜத்துரோகம். 1696ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி நாணய அச்சு செய்வதும் வைத்திருப்பதும்கூட ராஜத்துரோகம்தான். ஆண்களுக்குத் தூக்கு, பெண்களுக்கு எரிப்பு. 1789 மார்ச் 18 அன்று லண்டன் நியூகேட் சிறை வாசலில், கள்ளநாணயக் குற்றத்துக்காகக் கேத்தரின் மர்ஃபி என்ற பெண்ணை முதலில் கழுத்தை இறுக்கிக் கொன்று பிறகு எரித்தார்கள். அதே வழக்கில் அவள் கணவனுக்குத் தூக்கு. அடுத்த ஆண்டு அந்தச் சட்டம் மாறியது. இங்கிலாந்தில் அப்படி எரிக்கப்பட்ட கடைசிப் பெண் அவள்.

அந்த 1789இல்தான் மேத்யூ போல்ட்டன் தம் கடிதமொன்றில், பயணங்களில் சுங்கச் சாவடிகளிலும் பிற இடங்களிலும் தமக்குக் கிடைக்கும் அரைப்பென்னிச் சில்லறையில் மூன்றில் இரண்டு பங்கு போலி என்று எழுதினார். போல்ட்டனும் பர்மிங்ஹாம்காரர், பித்தான், கொக்கி செய்யும் குடும்பம். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குப் பங்காளியாக இருந்து உலகப்புகழ் பெற்றவர். பித்தானும் அச்சில் அடிக்கிற பொருள்தான். அந்த ஊரில் பித்தான் அச்சு வெட்டத் தெரிந்தவனுக்கு அரைப்பென்னி அச்சு வெட்டுவது பெரிய வித்தையல்ல. போல்ட்டன் எதிர்த்து நின்றது தம் சொந்தத் தொழிலின் நிழலை.

அவருடைய தீர்வு, கள்ளன் எட்ட முடியாத அளவுக்கு ஒரேமாதிரியான காசு. அதற்கு முதலில் அச்சே ஒரேமாதிரி இருக்க வேண்டும். மென்மையாக்கிய எஃகில் கலைஞன் ஒருமுறை மூல அச்சைச் செதுக்குகிறான். அதைப் பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, கடினப்படுத்தி, இன்னொரு மென்மையான எஃகுத் துண்டில் அழுத்தினால் புடைப்பாக ஒரு தாயச்சு கிடைக்கும். அந்தத் தாயைக் கடினப்படுத்தி வேறு துண்டுகளில் அழுத்த, வேலைக்கான அச்சுகள் எத்தனை வேண்டுமானாலும் பிறக்கும். எல்லாம் ஒரே முகம். முறை புதிதல்ல, அதை முழுமையாகவும் விடாப்பிடியாகவும் செய்ததுதான் சோஹோவின் புதுமை.

சொல்ல எளிது. எஃகு ஒத்துழைக்காது. தோய்க்கும்போது அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழுவிசை தங்கிவிடும். மாதக்கணக்கில் செதுக்கிய முகம் நீரில் இறங்கிய கணத்தில் வெடிக்கலாம். கடினம் கூடினால் உடையும், குறைந்தால் அமுங்கும். நம் ஊர்க் கொல்லர்கள் 'பதம்' என்று சொல்வது இந்த நடுவிடத்தைத்தான். ஷெஃபீல்டின் ஹண்ட்ஸ்மன் உலைகளில் மூசையில் உருக்கிய எஃகை போல்ட்டன் தேடி வாங்கினார். அப்படியும் அச்சுகள் உடைந்துகொண்டே இருந்தன.

அடுத்தது வளையம். அடிபடும் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கும். வில்லையைச் சுற்றி எஃகு வளையம் இருந்தால் அது எங்கும் ஓட முடியாமல் சரிவட்டமாகும். இதற்காகப் பாரிஸிலிருந்து ழான் பியேர் ட்ரோஸ் என்ற கலைஞரை வரவழைத்தார். ஆறு துண்டுகளாகப் பிரியும் வளையத்தால் முகங்களையும் விளிம்பையும் ஒரே அடியில் பதிப்பவர். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மனக்கசப்பில் பிரிந்தார்கள். துண்டில்லாத முழு வளையம்தான் கடைசியில் நிலைத்தது. 1790இல் நீராவி நாணய எந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது.

சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் இந்தப் பட்டறையைத் தம் 'தாவரவியல் பூங்கா' என்ற கவிதை நூலின் குறிப்பொன்றில் வியக்கிறார். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் நான்கு பேர் மணிக்கு முப்பதாயிரம் நாணயம் அடிக்கலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய உண்மையான மகிழ்ச்சி வேறு. போலி செய்ய முடியாத காசு வந்தால் தூக்குமரத்துக்குப் போகும் உயிர்கள் மிஞ்சும். ரோமில் ஒரு குடிமகனின் உயிரைக் காத்தவனுக்கே ஓக் இலைக் கிரீடம் உண்டு, போல்ட்டனுக்கு மாலைகளையே குவிக்க வேண்டும் என்று போகிறது அந்த வாதம். அந்தச் சிறுவர்களைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

1797இல் அரசு ஒப்பந்தம் வந்தது. ஒரு பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் செம்பு, இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ். கனமும் அகலமும் பார்த்து மக்கள் 'வண்டிச் சக்கரம்' என்று பெயரிட்டார்கள். அச்சுகள் கூக்லர் என்ற கலைஞருடையவை. அகன்ற விளிம்பில் எழுத்துகள் மேடாக இல்லாமல் உள்வாங்கியிருக்கும். கைபட்டுத் தேயாதிருக்க அந்த ஏற்பாடு. அதற்கு அச்சில் எழுத்துகளை மட்டும் மேடாக நிறுத்த வேண்டும். அழகான காசுகள். பைகள்தான் தாங்கவில்லை.

கள்ளர்களும் அசரவில்லை. சில ஆண்டுகளிலேயே எடை குறைந்த போலிச் சக்கரங்கள் நடமாடின. போல்ட்டன் உளவாளிகளுக்குப் பணம் கொடுத்துத் தம் ஊர்க்காரர்களையே பிடிக்க வைத்தார். செம்பின் விலை ஏறியதும் நல்ல காசுகள் உருக்குப்பாத்திரத்துக்குப் போயின. அடுத்த காசுகளை இலேசாக அடிக்க வேண்டிவந்தது. அட்மிரல் கார்ட்னர் மூழ்கிய அதே 1809இல், ஆகஸ்ட் மாதம், அவர் இறந்தார்.

நூற்றாண்டின் நடுவில் சோஹோ நாணயச் சாலை ஏலத்துக்கு வந்தது. எந்திரங்களில் சிலவற்றை பர்மிங்ஹாமின் ரால்ஃப் ஹீட்டன் வாங்கினார். பழைய அச்சுகளில் ஒரு பெருங்குவியல் டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற லண்டன் அச்சுவெட்டியிடம் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அவர் அவற்றில் போல்ட்டன் காலத்துக் காசுகளையும் பதக்கங்களையும் மறுபடி அடித்து விற்றார். முன்பக்க அச்சையும் பின்பக்க அச்சையும் இஷ்டம்போல் இணைத்து, ஒருபோதும் வெளிவராத காசுகளைக்கூட உருவாக்கினார். எல்லாம் அசல் அச்சு, அசல் கூக்லர்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி துரு. கிடங்கில் கிடந்த காலத்தில் அச்சின் முகத்தைத் துரு நுண்குழிகளாகத் தின்றிருக்கிறது. டெய்லர் தேய்த்து மெருகேற்றியும் எல்லாம் போகவில்லை. அச்சில் குழி என்றால் காசில் பொட்டு. சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு மூன்றாம் ஜார்ஜின் கன்னத்தில் அந்தப் பொட்டுகளைத் தேடுகிறார்கள். இருந்தால் டெய்லருடையது. அதையும் நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது.