பெயரும் பொறுப்பும்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, உயிரணுவியல் சார்ந்த பிரன்ரியேர்ஸ் சஞ்சிகையொன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. அதிலிருந்த எலியின் படம் உடற்கூற்றியலையே நகையாடுவதாக அமைந்திருந்தது. எலியின் உடலினும் பெரிதாக அதன் உறுப்பொன்று வரையப்பட்டிருந்தது. பாகங்களைச் சுட்டிய சொற்களோ எம்மொழியிலும் இல்லாதவை. மூன்று நாட்களில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. உலகம் சிரித்தது. ஆயினும் அச்சிரிப்பினிடையே பலர் கவனியாத செய்தியொன்றுண்டு. படங்களை மிட்ஜேர்ணி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்ததென்பதைக் கட்டுரையாசிரியர்கள் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே அறிவித்திருந்தனர். மதிப்பீட்டாளருள் ஒருவர் படங்களைப் பற்றி ஐயம் எழுப்பியுமிருந்தார். அதற்கு விடை கிடைக்காமலே கட்டுரை வெளிவந்துவிட்டது. அறிவித்தல் என்னும் விதி நிறைவேறிற்று, பொறுப்பேற்றல் நிகழவில்லை. இவ்விரண்டும் எவ்வாறு வேறுவேறாயின என்பதை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

இலண்டன் றோயல் சொசைற்றியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் 1665 மார்ச் 6இல் 'பிலோசொபிக்கல் றான்சக்ஷன்ஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். இன்ன உண்மையை இன்னார் இன்ன நாளில் அறிவித்தார் எனப் பதிந்துவைப்பது அதன் பணிகளுள் ஒன்று. கட்டுரையிலுள்ள பெயர் உரிமையைக் காட்டிற்று. மறுப்போருக்கு விடையிறுக்கவேண்டியவர் யாரென்பதையும் அதே பெயர் காட்டிற்று. (பிறநாட்டாருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தமையால் ஐயுறப்பட்டு, ஓல்டன்பேர்க் 1667இல் இலண்டன் கோபுரத்திற் சிறையிருக்கவும் நேர்ந்தது. அக்காலத்தில் பெயரிட்டு எழுதுதல் விளையாட்டன்று.)

இருபதாம் நூற்றாண்டிலே அப்பெயர் எண்ணிக்கைக்குரிய பொருளாயிற்று. யூஜின் கார்பீல்ட் 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோட் சுட்டி, ஒருவரது கட்டுரையை எத்தனைபேர் எடுத்தாண்டனர் என்று கணக்கிட வழிசெய்தது. நூல்தேடுவோருக்கு உதவ எழுந்த அக்கருவியே நாளடைவில் நியமனத்தையும் பதவி உயர்வையும் நிறுக்கும் படிக்கல்லாக மாறிற்று. மறுபுறத்தில், றொபேட் மக்ஸ்வெல் 1951இல் கைக்கொண்ட பேர்கமன் அச்சகம் ஆய்வுச் சஞ்சிகைகளாலேயே பெருத்து, 1991இல் 440 மில்லியன் பவுணுக்கு எல்ஸ்வியர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. எழுதியவருக்குக் கூலியில்லை, மதிப்பிட்டவருக்கும் இல்லை, விற்றவருக்கே இலாபம். எண்ணிக்கையே பிழைப்பென ஆனபின், எண்ணிக்கையை உற்பத்திசெய்யும் யந்திரமொன்று தோன்றாதிருந்தாலன்றோ வியப்பு!

அது முதலிற் கேலியாகவே தோன்றிற்று. 2005இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர் மூவர், பொருளற்ற கணினியியற் கட்டுரைகளைத் தானே புனையும் 'சைஜென்' என்னும் நிரலை ஆக்கினர். அது புனைந்த கட்டுரையொன்றை அமெரிக்காவில் நடக்கவிருந்த மாநாடொன்று ஏற்றுக்கொண்டது. 2010இல் பிரான்சின் கிறனோபிள் நகரத்து ஆய்வாளர் சிறில் லபே, ஐக் அந்த்கரே என்னும் இல்லாத அறிஞரைப் படைத்தார். 'ஐ கான்ட் கேர்' என்னும் ஆங்கிலத் தொடரின் ஒலியை ஒத்த குறும்புப் பெயர் அது. சைஜென் புனைந்த ஏறத்தாழ நூறு கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டுமாறு அமைத்தார். அவ்வளவே, கூகிளின் கணக்கில் அந்த்கரே ஐன்ஸ்டைனையும் விஞ்சிய அறிஞரானார்! பின்னர் லபே உண்மையான வெளியீடுகளைத் துருவியபோது கேலி கேலியாக இருக்கவில்லை. 2014இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ. நிறுவனமும் சைஜென் புனைந்த 120க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தம் தொகுதிகளிலிருந்து நீக்கநேர்ந்தது.

இவையெல்லாம் 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன் நிகழ்ந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. யந்திரம் வீட்டைக் கொள்ளையிட்டதென்பார்க்கு, கதவு முன்னரே திறந்துகிடந்தது என்பதே வரலாறு தரும் விடை.

புதிய யந்திரத்தின் வேறுபாடு, அதன் வாக்கியங்கள் பொருளுடையனபோலத் தோன்றுவதே. ஓரிரு கட்டுரைகளில் சாட்ஜிபிடியின் பெயர் ஆசிரியர் வரிசையிலும் இடம்பெற்றது. 2023 ஜனவரியில் 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய சஞ்சிகைகள் அதனை மறுத்தன. ஆசிரியர் எனப்படுவோர் எழுதியதற்குப் பதில்சொல்ல வல்லவராதல் வேண்டும். யந்திரம் வெட்கப்படாது, திருத்தம் வெளியிடாது, விசாரணைக்கும் வராது. பயன்படுத்தியோர் அதனை வெளிப்படக் கூறவேண்டும் என நேச்சர் விதித்தது. சயன்ஸ் யந்திரம் எழுதிய வாசகத்தையே முற்றாகத் தடுத்துப் பின்னர், அதே ஆண்டு நவம்பரில், அறிவிப்புடன் அனுமதித்தது. எலிப்படம் வந்தது இதன் பின்னரே.

தடையே நன்று, யந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கப் பிறிதொரு யந்திரம் வைப்போம் என்பாரும் உளர். 2023இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் கைப்பட எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளுக்கு இட்டனர். சராசரியாக நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை யந்திரம் எழுதியவை எனத் தீர்ப்பாயின! எளிய சொற்களை எண்ணி எழுதுவது அங்கே குற்றமாயிற்று. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருந்து ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளருக்கு மொழியைச் செப்பஞ்செய்ய யந்திரம் உதவுமாயின், அதனை மறுக்க எனக்கு மனமில்லை. ஆங்கிலத்திற் பிறந்தவருக்கு இலவசமாய்க் கிடைத்தது அது.

என் வகுப்பில் ஒரு மாணவனின் கட்டுரை அவன் ஆற்றலுக்கு மிஞ்சியதாகத் தோன்றினால், அவனை அழைத்து ஒரு வாக்கியத்தைக் காட்டி "இதை விளக்கு" என்பேன். சிலர் விழிப்பர். சிலர் நன்றாகவே விளக்கி என்னை நாணச்செய்வர். நாற்பது பிள்ளைகளுக்கு அவ்வாறு செய்ய ஒரு கிழமை போதாது. ஆய்வுலகின் மதிப்பீட்டாளரோ கற்பித்தலும் தம் ஆய்வும் முடித்து, இரவில், ஊதியமின்றி இப்பணியைச் செய்கின்றார். எலிப்படத்தின்மீது ஐயம் எழுப்பியவரும் அத்தகையவர்களுள் ஒருவரே. அவர் கேட்ட கேள்விக்கு விடை வரும்வரை காத்திருக்க அந்தச் சஞ்சிகையை எது தடுத்தது?