போர்வீரரின் தோம்பு



முன்னாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிலே பெட்டகம் ஒன்று தவறாது இருக்கும். அதன் அடித்தட்டில், பழந்துணியிற் சுற்றிய காணி உறுதிகளை வைத்திருப்பர். வேலிப் பிணக்கொன்று எழுந்தால் வீட்டுக்காரர் முதலில் நாடுவது அவ்வுறுதியையே. அதற்கும் முந்திய கதை வேண்டின், ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்பு வரையிற் சென்று தேடுவாரும் உளர். இன்ன ஊரிலே இன்ன காணி இன்னாருக்கு உரியது என எழுதி வைத்த ஏடே தோம்பு. இரண்டு பரப்புக் காணிக்கு இத்துணைச் சான்று பேணிய நாம், போருக்குச் சென்று இளமையைச் செலவிட்டு மீண்ட மனிதருக்கு எதனைப் பேணினோம்? இன்று அதுபற்றியே சில கூற விரும்புகின்றேன்.

இரண்டாம் உலகப் போர் நமக்குத் தொலைவில் நிகழ்ந்த தொன்று அன்று. 1942 ஏப்ரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்குண்டது. அன்றே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. நமது பலாலி விமானத்தளமும் அப்போர்க்காலத்திலே பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டதேயாகும். இலங்கை இலகு காலாட்படை, இலங்கைக் காவற் பீரங்கிப்படை ஆகியவற்றில் நம் நாட்டு இளைஞர் பலர் சேர்ந்தனர். 1937 இல் தோன்றிய கடற்படைத் தொண்டர் படை, போர் மூண்டதும் பிரித்தானிய அரச கடற்படையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

அவருட் சிலரின் பெயரை நாடறியும். இலகு காலாட்படையிற் பணியாற்றிய அன்ரன் முத்துக்குமாரு, 1955 இல் இலங்கைத் தரைப்படையின் முதலாவது இலங்கைத் தளபதியானார். ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக விளங்கினார். தளபதியின் பெயரை வரலாறு தானே ஏந்திச் செல்லும். கப்பலின் உலையறையில் நின்றவனுடைய பெயரையும், இரவு முழுவதும் கடலோரத்திற் காவல் நின்றவனுடைய பெயரையும் ஏந்திச் செல்வது யாது? படைப்பிரிவின் பதிவேடு ஒன்றே. சேவை எண், பெயர், தரம், சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்னும் வரிகள் கொண்ட அந்த ஏடுதான் போர்வீரரின் தோம்பு.

என் சிறுபராயத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் இருந்தார். அவரை அப்பு என்றே எல்லோரும் அழைப்போம். போர்க்காலத்தில் அவர் கடற்படைத் தொண்டர் படையிலே, கப்பலின் உலையறையிற் பணி புரிந்தவர். பதக்கம் கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டேன். “உலையோடை நிண்டது நான், தம்பி. பேர் ஆரிட்டைக் கிடக்கோ தெரியாது” என்றார். சேவையினின்று விடுவித்த பத்திரம் ஒன்றை மட்டும் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது, கையிற் பேரப்பிள்ளைகளைப் பிடித்தவரால் அந்தப் பெட்டியைப் பிடிக்க இயலவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. சில ஆண்டுகளில் அப்புவும் காலமானார்.

பதக்கம் பெறும் முறையை இங்கே விளக்குதல் தகும். 1945 இல் ஏற்படுத்தப்பட்ட போர்ப் பதக்கத்துக்கு வேண்டிய தகுதி பெரிதன்று. படையிலே முழுநேரமாக 28 நாட்கள் எங்கேனும் சேவை செய்திருந்தாற் போதும். ஆயினும் போர் முடிந்து வீடு சென்றோரிற் பெரும்பாலார் அதனைத் தாமே விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. வயலுக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் திரும்பியவர் பலர் அதனை அறியார். அறிந்தவருள்ளும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வழியற்றோர் பலர். ஆனால் அவ்வுரிமை மாண்டுவிடவில்லை. பிரித்தானியப் படைகளிற் சேவை செய்தோரின் நெருங்கிய உறவினர், தக்க சான்றுடன் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுக்கு இன்றும் விண்ணப்பிக்கலாம்.

அப்புவின் மகள் அவ்வாறு விண்ணப்பிக்க விரும்பி, எழுத உதவுமாறு என்னிடம் வந்தார். சேவை எண் வேண்டும் என்றேன். வீட்டில் எவருக்கும் அது தெரியவில்லை. பல மாதங்களின் பின், வன்னியில் வாழ்ந்த உறவினர் ஒருவரிடம் போர்க்காலக் கடித உறை ஒன்று அகப்பட்டது. அதன் பின்புறத்தில் அப்புவின் பெயரும் எண்ணும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. குப்பையிற் போடாது எவரோ வைத்த அந்த உறையே அவருக்கு உறுதியாயிற்று. பதக்கமும் வந்தது. அம்மகள் அதனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “அப்பாவின்ரை பேர் எங்கை, சேர்?” என்று கேட்டார்.

பெயர் அதில் இல்லை. முதல் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் வீரனின் எண்ணும் பெயரும் விளிம்பிலே பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் பொறியாமலே வழங்கியது. ஆகவே உலோகம் தானாக எதுவும் பேசாது. அது யாருடையது என்று சொல்ல வல்லது ஏடொன்றே. ஏட்டை இழந்தபின் பதக்கம் கிடைத்தாலும் அது பாதிப் பேறேயாகும்.

ஏடுகள் அழிவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1940 செப்ரெம்பரில் இலண்டன்மீது வீழ்ந்த குண்டுகளால், முதல் உலகப் போரிற் பங்குபற்றிய பிரித்தானிய வீரரின் சேவைப் பதிவுகளிற் பாதிக்கு மேற்பட்டவை எரிந்தன. 1973 யூலை 12 ஆந் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மூண்ட தீ, 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரரின் கோவைகளை விழுங்கியது. அவ்விடத்தார் கைகட்டி இருந்துவிடவில்லை. வேறு அலுவலகங்களிற் கிடந்த சம்பளச் சீட்டுகளையும் பிற தாள்களையும் கொண்டு, ஒவ்வொருவரின் சேவையையும் மீளக் கட்டினர். இலண்டனிலும், வேறிடத்தில் இருந்தமையால் தப்பிய பதக்க அட்டைகளே பலருக்குச் சான்றாயின. 1981 யூன் 1 ஆந் திகதி விடியுமுன் 97,000 நூல்களுடன் எரிந்த நூலகத்தின் சாம்பலைக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒருநாளில் அழியும். பல இடத்தில் இருப்பது எங்கேனும் எஞ்சும்.

எஞ்சியதைத் தேடி எடுத்தவர்களும் உளர். முதல் உலகப் போரிற் சேவை செய்த பஞ்சாப் வீரர் ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம் பேரின் பதிவுகள், இலாகூர் அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. அவற்றை ஊர்வாரியாக ஒழுங்கு செய்து மக்கள் பார்வைக்குக் கொண்டுவரும் பணி 2021 இல் தொடங்கியது. வடதுருவக் கடலிற் பொருட்கப்பல்களுக்குத் துணை சென்ற மாலுமிகளுக்கு, போர் முடிந்து 68 ஆண்டுகளின் பின், 2013 இலேதான் ஆர்க்டிக் நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. அத்துணைக் காலங் கடந்தும் அவரை இனங்காண முடிந்தது ஏடு இருந்தமையாலே.

ஏடு இல்லாத இடத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சீயம் – பர்மா இரயிற்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலே தனித்தனிக் கல்லறைகளும், கல்லிற் பெயர்களும் உள. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர்க்கு அவ்வாறு கல்லும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. துன்பம் ஒன்றே, எழுத்தே வேற்றுமை செய்தது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரைப் பொறித்தது நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கத்தைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைத்தது. அந்த மரபில் வந்தோர் பெயரற்றுப் போவது நமக்கு அழகன்று.

1945 இற் பதினெட்டு வயதினராய் இருந்தவர் இன்று நூறு வயதை அணுகியிருப்பர். அவருள் எஞ்சியோர் மிகச் சிலர். 1949 இல் தரைப்படையும் 1950 இற் கடற்படையும் அமைந்த காலத்திற் சேர்ந்தவரும் முதுமையின் எல்லையில் உள்ளனர். ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். சம்பளப் புத்தகம், விடுவிப்புப் பத்திரம், சீருடைப் படம், கடித உறை ஆகிய எதனையும் வீசிவிடாதீர்கள். படத்தின் பின்னே பெயரையும் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் செய்து, மூன்று இடங்களில் வையுங்கள். ஆசிரியர்களே, மாணவரை அயலிலுள்ள முதியோரிடம் அனுப்புங்கள். ஆங்கில விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவர் இருப்பின், அதுவே பெரும் உபகாரம். தளபதி முத்துக்குமாருவும் தம் முதுமையிலே, 1987 இல், இலங்கையின் படை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். நம்மால் ஒரு நூல் எழுத இயலாவிடினும் ஒரு தாளைக் காக்க இயலும்.

அப்புவின் பதக்கம் இப்பொழுது அவர் மகளின் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. அதன் கீழே, அதே சட்டத்தினுள், அந்தக் கடித உறையையும் வைத்திருக்கின்றனர். பெயர் இருப்பது உறையிலே.