வரியைச் சுமப்பவர் யார்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், குளிர்காலம் நீண்டு கடுமையாயிருக்கும் நியூயார்க், கனெக்டிகட் முதலிய ராஜ்யங்களில், நிலக்கரியை மெல்லக் கைவிட்ட குடும்பங்கள் பல, வீட்டின் நிலவறையில் எண்ணெய்த் தொட்டி ஒன்றை அமைத்து, டாங்கர் லாரியில் வரும் வியாபாரியைக் கொண்டு அதை நிரப்பிக் குளிர் காய்வதை வழக்கமாக்கிக்கொண்டன. 1973-ம் வருஷத்து அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடைக்கு முன் காலன் 25 சென்டுக்கும் குறைவாக விற்ற அந்த எண்ணெய், 1980-ல் ஏறக்குறைய ஒரு டாலரை எட்டியபோது, வயோதிகர்களும் ஏழைகளும் பட்ட சிரமம் ஒருபுறமிருக்க, பெருங் கம்பெனிகள் ஈட்டிய லாபம் ஜனங்களின் ஆக்ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

அந்த ஆக்ரோஷத்துக்குப் பரிகாரமும், வறண்ட கஜானாவுக்கு வருமானமும் ஒரே சட்டத்தில் கிடைக்குமென்று எண்ணிய நியூயார்க் சட்டசபை, 1980-ல் எண்ணெய்க் கம்பெனிகளின் மொத்த வரவின்மீது வரி விதித்தது. கனெக்டிகட்டும் அதே வருஷத்தில் 2 சதவீதம் விதித்தது. வரியில் விசேஷமில்லை, விசேஷமெல்லாம், அதை விலையில் ஏற்றி வாங்குகிறவர் தலையில் கட்டக் கூடாதென்று சேர்த்த நிபந்தனையில்தான் இருந்தது. கச்சா எண்ணெயின் கிரயம், சுத்திகரிப்புச் செலவு, கப்பல் கூலி, லாபம் எல்லாம் கரைந்து ஒரே விலையாகிவிட்ட பிறகு, உயர்ந்த சென்டுகளில் வரியின் சென்ட் எது என்று எந்த அதிகாரி பிரித்துக் காட்டுவார்? சட்டம் இயற்றியோர் இதை அறியாதவர்களல்லர் என்றே நினைக்கிறேன். ஆனால் தேர்தலை எதிர்நோக்கும் சபைக்கு நிறைவேறாத தடையும் பிரயோஜனமுள்ளதே.

மொபில் முதலிய கம்பெனிகள் நியாயஸ்தலத்தை நாடின. இவ்விடத்தில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. எண்ணெய்ப் பஞ்சத்தின்போது உபயோகிப்போரைக் காக்கவென்றே மத்திய சர்க்கார் 1973-ல் இயற்றிய ஒதுக்கீட்டுச் சட்டத்தின் விதிகள், உயர்ந்த செலவை விலையில் சேர்த்துக்கொள்ள விற்பனையாளருக்கு இடமளித்திருந்தன. மத்திய சட்டம் அனுமதித்ததை ராஜ்யம் தடுக்க இயலாதென்று கூறி, கீழ்க் கோர்ட்டுகள் நியூயார்க்கின் தடையைச் செல்லாததாக்கின. வீட்டெண்ணெயோ 1976-லேயே விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டிருந்தது. மிஞ்சிய கட்டுப்பாடுகளையும் ஜனாதிபதி ரீகன் பதவியேற்றவுடனே, 1981 ஜனவரியில் நீக்கினார். அவ்வருஷம் செப்டம்பரில் அந்த மத்திய சட்டமே காலாவதியாயிற்று. ஆகவே 1982-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தபோது, தீர்ப்பதற்கு விவாதமே எஞ்சவில்லையென்று நீதிபதிகள் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

ராஜ்யம் இப்படித் தடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை மறு வருஷம், குளிருக்குப் பெயர்பெறாத அலபாமாவிலிருந்து வந்தது. அங்கே எண்ணெய், எரிவாயு எடுப்பதன்மீதான வரியை 8 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்திய சட்டமும் அதே தடையை விதித்திருந்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய ஏகமனதான தீர்ப்பு, உபயோகிப்போரை மிகை விலையிலிருந்து காக்க முனைவது ராஜ்யத்துக்கு உகந்த நோக்கமே என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் ராஜ்யங்களுக்கிடையே விற்கும் எரிவாயுவின் விலை மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்குட்பட்டதாகையால், அவ்விற்பனைக்கு மட்டும் தடை செல்லாதென்றது.

கனெக்டிகட், பிற்காலத்தில், வீடுகளைச் சூடேற்றும் எண்ணெயை அந்த வரியினின்றே விலக்கிவிட்டது.