கான்பூருக்கு வந்த கம்ப்யூட்டரும் ஈரோட்டுக்காரர் எழுதிய புத்தகமும்

செயற்கை நுண்ணறிவு, குவாண்டம், சிப் என்று ஏதாவது ஒரு துறையில் வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட்ட செய்தி இப்பல்லாம் அடிக்கடி வருது. கைகுலுக்கும் போட்டோவும் கூடவே வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும்.

பனிப்போர் காலம். நம்ம ஐ.ஐ.டி.களுக்கு உதவ வல்லரசுகள் போட்டி போட்டன. பம்பாய்க்கு சோவியத் யூனியன், சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா. எம்.ஐ.டி., பெர்க்லி, பிரின்ஸ்டன் உட்பட 9 அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து கான்பூரை வளர்த்தெடுக்க முன்வந்தன. 1962 முதல் 1972 வரை நடந்த திட்டம் அது.

1963-ல் அங்கே ஒரு ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த மெஷினுக்குத் தானாகக் கூட்டத் தெரியாது! நாம பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வைத்துக்கொண்ட மாதிரி, கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத்தான் விடை சொல்லும். அதை நிறுவ வந்தவர்களில் ஒருவர் பெர்க்லி பேராசிரியர் ஹாரி ஹஸ்கி. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்தவர்.

ஆனா மெஷின் வந்தது பாதிக் கதைதான். பூட்டிய அறைக்குள்ளே வைத்து, விருந்தினர் வந்தால் மட்டும் திறந்து காட்டியிருக்கலாம். கான்பூரில் அப்படி நடக்கவில்லை. மாணவர்கள் கையில் அது கிடைத்தது. வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகிய கால வகுப்புகள் நடத்தினார்கள்.

இந்த இடத்தில் ஒருத்தரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். வி. ராஜாராமன், 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் விஸ்கான்சினில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து 1963-ல் கான்பூரில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் படிப்பு அங்கே வேர் பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வகுப்பு நடத்திய அனுபவத்தில் 1969-ல் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் வந்த புத்தகம். கான்பூரையே பார்க்காத எத்தனையோ பேர் அதையும் அவர் பின்னால் எழுதியவற்றையும் வைத்துத்தான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. படித்து முடித்தவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவுக்கே விமானம் ஏறினார்கள். நம்ம வரிப்பணத்தில் படித்துவிட்டு அவங்களுக்கு உழைக்கப் போறாங்களே என்ற புலம்பல் அன்றே உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாராயணமூர்த்தி மாதிரி 1969-ல் அங்கே எம்.டெக். முடித்து, பிறகு இங்கேயே நிறுவனம் கட்டியவர்களும் உண்டு.

1971 பங்களாதேஷ் போரில் அமெரிக்கா தன் கப்பற்படையை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. இரு நாட்டு உறவும் கசந்தது. அடுத்த வருஷம் கான்பூர் திட்டமும் முடிந்தது. அமெரிக்கப் பேராசிரியர்கள் ஊர் திரும்பினார்கள். அதற்குள் 1620-ம் பழசாகிப் போயிருந்தது. வகுப்புகள் மட்டும் நிற்கவில்லை. ஏன்னா, சொல்லிக்கொடுக்க இங்கேயே ஆள் உருவாகியிருந்தார்கள்.

அதனாலதான் புது ஒப்பந்தச் செய்தி எதைப் படித்தாலும் நான் கோடிக்கணக்கைப் பார்ப்பதில்லை. தேடுவது இரண்டைத்தான். வரப்போகும் கருவியை நம்ம மாணவர்கள் தொட முடியுமா? உறவு கசந்து அவர்கள் போய்விட்டால், மறுநாள் காலையில் வகுப்பெடுக்க இங்கே யார் இருப்பார்கள்? இதற்கு விடை இல்லாத ஒப்பந்தத்தில் நமக்குக் கடைசியில் மிஞ்சுவது அந்தப் போட்டோவாகத்தான் இருக்கும்.