தேர் கொடுத்தவன் ஊரில் பேட்டரி வண்டி

ஹம்பி போனவர்களுக்குத் தெரியும். விட்டலர் கோயிலுக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் போல பேட்டரி வண்டி. ஓட்டுவது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். ஆக்ராவிலும் இதே கதைதான். தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இடமில்லை. சில்ப்கிராமில் இறங்கி பேட்டரி வண்டி பிடிக்க வேண்டும். பளிங்கு மஞ்சளாகிறது என்று எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கும், 1996 டிசம்பர் 30-ல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் ஊர்க்காற்றைப் பற்றிக் கவலைப்பட வைத்ததன் தொடர்ச்சி இது.

ஆனால் ரெண்டு இடத்திலும் பொழுது சாய்ந்தால் கடை கட்டிவிடுவார்கள். தாஜுக்குப் பௌர்ணமியை ஒட்டிய சில ராத்திரிகள் மட்டும் விலக்கு. தொல்லியல் துறைச் சின்னம் என்றால் சூரியனோடு திறந்து சூரியனோடு மூடுவது. நம்மூர்க் கோயில்கள் இதற்கு நேர்எதிர். உச்சிவேளைக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறக்கும். அதன்பிறகு ராத்திரி வரை விளக்கும் மேளமும்தான். காரில் பகல் பன்னிரண்டரைக்கு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை எத்தனை ஊரில் பார்க்கிறோம்! சின்ன மின்வண்டியில் மாலைநேரச் சுற்றுலா என்கிற ஏற்பாடு தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான். அதிலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு.

வண்டியைப் பற்றி முதலில். இந்த ஈ-ரிக்‌ஷா சட்டத்துக்குள் வந்தது அண்மையில்தான். 2014 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ஓட்டவே கூடாது என்றது. பிறகு விதிகள் வகுத்து, 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி உள்ளே கொண்டுவந்தார்கள். நாலு பேர், 40 கிலோ சாமான், மணிக்கு 25 கிலோமீட்டர், அவ்வளவுதான் அதன் எல்லை. நெடுஞ்சாலைக்கு இந்த வேகம் உதவாது. தேரடிக்கும் சன்னதித் தெருவுக்கும் இதற்கு மேல் வேண்டியதும் இல்லை.

வேடிக்கை பார்க்கச் சின்ன வண்டி என்பது இந்த வட்டாரத்துக்குப் புதுசும் அல்ல. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘புஸ் புஸ்’ என்று ஒரு வண்டி இருந்தது. பிரெஞ்சில் தள்ளு தள்ளு என்று அர்த்தம். துரை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியால் திசை திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவார். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா தமிழ்நாட்டில் 1973-ல்தான் ஒழிந்தது. பேட்டரி வண்டியைப் புகை இல்லை, சத்தம் இல்லை என்று மெச்சுகிறோம். என் கணக்கில் அதன் பெரிய பெருமை, இந்தப் பரம்பரையில் ஒருத்தர் மூச்சு வாங்காமல் ஓடும் சின்ன வண்டி என்பதுதான்.

சரி, திருக்கோவிலூருக்கு வருவோம்.

சங்ககாலக் கோவலூர் இது. மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அவன் தேர் கொடுத்தே பேர் வாங்கியவன். காலையிலேயே குடித்துவிட்டுக் களிப்பில் யாரும் தேரைத் தூக்கிக் கொடுக்கலாம். இவன் குடிக்காமலே கொடுப்பவன் என்கிற கருத்தில் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கள்ளக்குறிச்சி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம். பேர் சொல்ல வேறு கதை இன்னும் அதற்கு வாய்க்கவில்லை. அந்தப் பாட்டு இந்த மண்ணைப் பற்றியது என்பதை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காவது சொல்லலாம்.

கோவலூரை அதியமான் அடித்துப் பிடித்ததைப் பரணர் பாடியதாக ஒரு செய்தி உண்டு. ஆற்றோரமாக மேற்கே போனால் ஜம்பை. அங்கே 1981-ல் கண்டுபிடித்த தமிழி கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி குகையில் உறைவிடம் கொடுத்ததைச் சொல்கிறது. பாட்டில் வரும் ஆள் கல்லில் வருவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஜம்பைக்கு பேட்டரி வண்டி தாங்காது, பஸ்தான். அதனால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

வண்டி கிளம்ப வேண்டிய இடம் கீழையூர் வீரட்டானம். அட்ட வீரட்டங்களில் ஒன்று, அந்தகாசுரனை அழித்த தலம். அந்தகம் என்றால் இருட்டு. சன்னதி மேற்குப் பார்த்தது. எல்லாக் கோயிலிலும் காலை வெயிலுக்குள்ள இடம் இங்கே மாலை வெயிலுக்கு. நான் எப்போது போனாலும் அஞ்சு மணிக்குத்தான் போவேன். இந்தக் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண் என்பதும், கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கணவன் சுந்தரசோழனோடு தீப்புகுந்தாள் என்பதும் அதில்தான் வருகிறது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்ததும் அதே கல்வெட்டில். கபிலர் வடக்கிருந்தார் என்பது இலக்கிய மரபு, தீப்புகுந்தார் என்பது கல்வெட்டு. எது சரி என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் ஊர் கபிலரை மறக்காமல் வெட்டி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிசு.

அந்தக் கல்லைத்தான் கபிலர் குன்று என்கிறார்கள். ஆற்றில் ஒற்றைப் பாறை, உச்சியில் செங்கல் கட்டடம், உள்ளே சின்னச் சன்னதி. வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வெள்ளக்காலத்தில் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையில் எப்படி வந்தது என்று இந்தக் கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தண்டை அறகண்டநல்லூர், பாறைமேல் கோயில். அங்கிருந்து சம்பந்தர் அண்ணாமலையைக் கும்பிட்டார் என்பார்கள். இந்தச் சுற்றை ஒரு பையன் முன்னாலேயே நடந்து முடித்திருக்கிறான். 1896 ஆகஸ்ட் 30. மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன், பதினாறு வயசு. விழுப்புரத்திலிருந்து காசு இருந்த மட்டும் ரயில், அது மாம்பழப்பட்டு வரைக்கும். பிறகு பத்து மைல் நடை. சாயங்காலம் அறகண்டநல்லூர் கோயிலில் உட்கார்ந்தான். பூசை முடிந்து கதவைச் சாத்தினார்கள். அடுத்த பூசைக்குக் கீழையூர் கிளம்பிய குருக்கள் பின்னாலேயே இருட்டில் நடந்தான். அங்கே பிரசாதம் கேட்டால் இல்லை என்றுவிட்டார்கள். மேளக்காரர்தான் தன் பங்கு சோற்றைக் கொடுத்தார். மறுநாள் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து ரயில்செலவுக்கு வழி பண்ணிக்கொண்டு, செப்டம்பர் 1 திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். உலகம் அவரை ரமணர் என்கிறது. அந்த மேளக்காரர் பேரை ஒரு பலகையில் எழுத முடியாவிட்டாலும், இங்கே ஒரு மேளக்காரர் சோறு போட்டார் என்று கோயில் வாசலில் எழுதி வைக்கலாம்.

கடைசி இடம் மேலையூர், உலகளந்த பெருமாள் கோயில். 192 அடி ராஜகோபுரம். இந்த ஊரின் முக்கியமான கதையும் ராத்திரிக் கதைதான். மழை இருட்டில் ஒரு இடைகழி. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் நிற்கலாம். பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் நிற்கும்போது நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள்; பாட்டாலேயே விளக்கேற்றிப் பார்த்தால் பெருமாள். ஈ-ரிக்‌ஷாவில் நாலு பேர்தான் என்ற விதியை வைணவ நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “சரியான கணக்கய்யா!” என்றார்.

எல்லாம் சின்னச் சுற்றுக்குள் அடங்கிவிடும். இடைஞ்சல், ஊர் ஒன்று, மாவட்டம் ரெண்டு என்பது. அறகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டம். திருக்கோவிலூர் என்று பேர் எழுதிய ரயில் நிலையமும் அந்தக் கரையில்தான். ரயிலில் வந்து இறங்குகிறவர் பாலம் தாண்டினால் இன்னொரு கலெக்டர் ஆட்சி. ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலொழிய வண்டி பாதி ஊரைத்தான் சுற்றும்.

இன்னொரு கேள்வியும் வரும். கல்வராயன் மலையில் சாலை எட்டாத ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மக்களின் நிலையைப் பற்றி 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்தது. இந்த லட்சணத்தில் வேடிக்கை வண்டி ஒரு கேடா? நியாயமான கேள்வி. மலைக்குச் சாலைதான் முதலில், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மலையிலிருந்து இறங்கி வேலை தேடும் பெண்களையும் எடுக்கலாம். ஹம்பியில் பெண்கள் ஓட்டுகிறார்கள், கதை சொல்வது வேறு ஆள். இங்கே ஓட்டுகிறவரே காரியையும் கபிலரையும் சொல்லட்டும், அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்கட்டும்.

தொடங்குவதானால் ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கலாம். கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் எப்படியும் இந்த வழியாகத்தான் போகிறது. ஒரு ராத்திரி முன்னால் கிளம்பினால் போதும்.