உள்ளே இருப்பது யார்?

வீட்டுக்கான மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கிய முன்னோடி ஒரு பாதிரியார். பெயர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். அமெரிக்காவில், பாஸ்டனை ஒட்டியிருக்கும் ஸாமர்வில் ஊரில் யூனிடேரியன் சபையின் போதகர். 1853 ஜூன் 21 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் எண் 9802.

அவருடைய கருவி மிக எளிமையானது. கதவு மூடியிருக்கும்வரை கம்பியில் மின்சாரம் ஓடாது. கதவைத் திறந்தால் இரண்டு உலோக முனைகள் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும், மின்காந்தம் ஒரு சிறு சுத்தியலை இழுக்கும், சுத்தியல் மணியில் அடிக்கும். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் தனித்தனிக் கிளை. நம் வீட்டுக் காலிங் பெல்லின் வேலைதான். ஆனால் பட்டனை அழுத்துவது வந்தவரின் விரல் இல்லை, கதவு.

கொஞ்ச நாளாக இந்தத் திருட்டு மணிகளின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. போப்பின் மணிக்குத் திருடனைத் தெரியாது. கதவு திறந்தது என்பது மட்டும்தான் தெரியும். நள்ளிரவில் கதவைத் திறந்தது திருடனா, நேரங்கழித்து வீடு திரும்பும் மகனா என்று அது கேட்காது. கேட்கவும் அதற்கு வழியில்லை. அதற்குப் பிறகு வந்த நூற்றெழுபது வருடக் கருவிகளையும் பார்த்துவிட்டேன். எந்தக் கருவிக்கும் திருடனைத் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாம்தான் ஒவ்வொரு முறையும் அதற்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

போப்பின் உரிமையை 1857இல் விலைக்கு வாங்கியவர் எட்வின் ஹோம்ஸ் என்ற பாஸ்டன் வியாபாரி. அவருக்கு வேண்டிய மணிகளைச் செய்துகொடுத்தது கோர்ட் தெருவில் இருந்த சார்லஸ் வில்லியம்ஸின் பட்டறை. பின்னாளில் கிரஹாம் பெல்லும் வாட்சனும் தொலைபேசியை உருவாக்கியதும் இதே பட்டறையில்தான். 1859இல் ஹோம்ஸ் நியூயார்க்குக்கு இடம் மாறினார். பெரிய ஊர், பெரிய திருடர்கள், பெரிய வியாபாரம்.

பட்டறைத் தொடர்பு சும்மா போகவில்லை. 1877இல் ஹோம்ஸின் மகன் எட்வின் டி. ஹோம்ஸ், பாஸ்டன் வங்கிகளுக்கு இழுத்திருந்த அலாரக் கம்பிகளில் தொலைபேசியை மாட்டினார். பகலில் அந்தக் கம்பியில் ஆட்கள் பேசுவார்கள். வங்கி மூடிய பிறகு அதே கம்பி திருட்டு மணிக் கம்பி. உலகின் முதல் தொலைபேசி இணைப்பகங்களில் ஒன்று இப்படித்தான் தொடங்கியது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பகலுக்கு ஒரு நிலை, இரவுக்கு ஒரு நிலை. உள்ளே ஆள் இருக்கிறார்கள், உள்ளே ஆள் இல்லை. இன்று அலாரப் பெட்டியில் நாம் அழுத்தும் ‘மோடு’ பட்டன்களின் கரு இங்கேயே இருக்கிறது.

மணி வீட்டுக்குள் அடித்தால் போதுமா? வீட்டில் யாருமே இல்லையென்றால் யார் கேட்பது? இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் கண்காணிப்பு நிலையம். பங்குச்சந்தை விலைகளை நாடாவில் அச்சடிக்கும் டிக்கர் கருவியைச் செய்த எட்வர்ட் கேலஹன், 1870களின் தொடக்கத்தில் நியூயார்க் வீடுகளைப் பக்கத்திலிருந்த ஓர் அலுவலகத்தோடு கம்பியால் இணைத்தார். கைப்பிடியைத் திருப்பினால் தூதுவன் வருவான், போலீஸ் வரும், தீயணைப்பு வரும். அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப், சுருக்கமாக ஏடிடி, அந்த வழியில் வந்த நிறுவனம். அங்கே உட்கார்ந்து செய்தி வாங்குபவருக்கு அந்த வீட்டு மனிதர்களின் முகம் தெரியாது. கம்பி சொல்வதுதான் உண்மை.

போப்பின் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. திருடன் கம்பியை வெட்டிவிட்டால் மணி அடிக்காது. அதனால் பின்னால் வந்தவர்கள் சுற்றைத் தலைகீழாக்கினார்கள். கதவு மூடியிருக்கும்போது மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும் நிற்கும், கம்பியை வெட்டினாலும் நிற்கும். நின்றால் அலாரம். 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் கண்டுபிடித்த ரீட் ஸ்விட்ச் இதற்கு வசதியாக அமைந்தது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பக்கத்தில் காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். குழாய் நிலையில், காந்தம் கதவில். இன்றைக்கும் வீட்டுக் கதவுகளில் ஒட்டியிருக்கும் சுண்டுவிரல் அளவு வெள்ளைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது இதுதான்.

அடுத்து வந்தது ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார். நம் உடம்பு சூட்டுக்கு ஓர் அகச்சிவப்புக் கதிர் உண்டு. அறை மூலையில் இருக்கும் பெட்டியின் முகத்தில் பால்நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். கலங்கரை விளக்கத்துக்காக ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களில் வகுத்த வில்லையின் பேரப்பிள்ளை அது. விளக்கின் ஒளியைக் கடலுக்கு அனுப்பியது தாத்தா. இது அறையைப் பல வரிகளாகப் பிரித்து உள்ளே இருக்கும் உணரியின் மேல் விழச்செய்கிறது. உணரியில் எதிரெதிராக இரண்டு பாகங்கள். அறை முழுவதும் மெதுவாகச் சூடானால் இரண்டும் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். சூடான ஓர் உருவம் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு பாகம், பிறகு மற்றொரு பாகம். நடப்பது ஆள் என்று முடிவு. எந்த ஆள்? தெரியாது.

தெரியாததால்தான் மோடு. வீட்டு அலாரத்தில் சென்சார்களை ஸோன் ஸோனாகப் பிரித்து வைப்பார்கள். கதவும் ஜன்னலும் சுற்றுவட்டம். ஹாலிலும் நடையிலும் இருக்கும் மோஷன் சென்சார்கள் உள்வட்டம். எல்லோரும் வெளியே போகும்போது ‘அவே’. இரண்டு வட்டமும் விழித்திருக்கும். வீட்டில் இருக்கும்போது ‘ஸ்டே’. சுற்றுவட்டம் மட்டும் விழித்திருக்கும், உள்ளே நாம் நடமாடலாம். சில பெட்டிகளில் ‘நைட்’ தனியாக உண்டு. மாடியில் தூங்கும்போது சுற்றுவட்டத்தோடு கீழ்த்தளத்து மோஷன் சென்சாரும் விழித்திருக்கும். காற்றுக்காக ஒரு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டுமா, அந்த ஸோனை மட்டும் பைபாஸ் பண்ணலாம். வாசல்கதவுக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அவகாசம். அதற்குள் வெளியே போகணும், அல்லது உள்ளே வந்து நாலு இலக்க எண்ணை அழுத்தணும். புகை சென்சாருக்கு மட்டும் மோடு கிடையாது. எந்நேரமும் விழிப்பு. நெருப்புக்கு வீட்டுக்காரன், விருந்தாளி என்ற வித்தியாசமில்லை.

இதெல்லாம் கையால் அழுத்தும் பட்டன்களாக இருந்தவரை யாரோ ஒருத்தர் வாசலில் நின்று “வீட்ல யாராவது இருக்காங்களா?” என்று யோசித்தாக வேண்டும். இப்போது அதையும் கைப்பேசி செய்கிறது. குடும்பத்தின் கைப்பேசிகள் எல்லாம் வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் போய்விட்டால் வீடு காலி, தானாக ‘அவே’.

நியூ ஜெர்சியில் அக்கா வீட்டுக்கு அலாரம் மாட்ட வந்தவர் இந்த வசதியை அவராகவே போட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் அத்தானும் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா மாடியில் படுத்திருந்தார். வீட்டின் இரண்டு கைப்பேசிகளும் தெருவைத் தாண்டின. வீடு காலி என்று கருவி முடிவுசெய்தது. அம்மா எழுந்து காப்பி போடக் கீழே இறங்கினார். ஹாலில் கால் வைத்ததும் சைரன்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தபோது அம்மா வாசல் திண்ணையில் கைகூப்பியபடி நின்றிருக்கிறார். இந்த வீட்டில் இருப்பவரா என்று கேட்டார்களாம். “டாட்டர் ஹவுஸ், டாட்டர் ஹவுஸ்” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அக்கா வந்து சேரும்வரை அவர்கள் அம்மாவை உள்ளே விடவில்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று அம்மாவே சொன்னார். ஆனால் ராத்திரி போனில் என்னிடம் கேட்ட கேள்வி இது: “நான் உள்ள இருக்கேன்னு அதுக்குத் தெரியாதாடா?”

அதற்குப் பிறகு மற்றவர்கள் வெளியே போனால் அம்மா மாடியைவிட்டு இறங்கவில்லை. ஃபிளாஸ்கில் காப்பியை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டார். பெற்ற பெண் வீட்டில், இரண்டு மாதம்.

அம்மாவின் கேள்வி தொழில்காரர்களுக்குப் புதிதில்லை. அமெரிக்கப் போலீஸுக்குப் போகும் அலார அழைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பொய் அழைப்பு. பெரும்பாலும் மணியைக் கிளப்புவது வீட்டைச் சேர்ந்த மனிதர்கள்தான். 2000 டிசம்பரில் ஸால்ட் லேக் சிட்டி போலீஸ், யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்யாத திருட்டு அலாரத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. அதே 2000இல் அலாரத் தொழிலார் சிபி-01 என்ற தரவிதியைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்கள் ‘அவே’ அழுத்துகிறீர்கள். அவகாசம் முடிவதற்குள் வாசல்கதவு திறக்கவே இல்லை. அப்படியென்றால் யாரும் வெளியே போகவில்லை, ஆள் உள்ளேயே இருக்கிறார் என்று பெட்டி புரிந்துகொண்டு தானே ‘ஸ்டே’க்கு மாறவேண்டும். நல்ல விதி. ஆனால் அம்மாவுக்கு உதவியிருக்காது. கதவு திறந்ததே, நாலு பேர் வெளியே போனார்களே. உள்ளே ஒருத்தர் மிச்சம் என்பதை அந்த விதியாலும் எண்ண முடியாது.

எண்ணுவதை மனிதரிடமே விட்ட கருவி ஒன்று முன்பே இருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற பேட்டையில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு கறுப்பின நர்ஸ். அவர் கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பர். இரண்டு பேருக்கும் நேரங்கெட்ட நேரத்து வேலை. மேரி பல இரவுகள் வீட்டில் தனியாக இருந்தார். போலீஸைக் கூப்பிட்டால் வர நேரமாகும். 1966இல் இருவரும் விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பர் 2இல் காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நாலு துவாரம், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வாசலில் நிற்பவரோடு பேச மைக், தூரத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு ஸ்விட்ச், உதவிக்கு ஆளைக் கூப்பிட ஒரு ஸ்விட்ச்.

ஹோம்ஸும் கேலஹனும் வீட்டை வெளியிலிருந்து பார்த்தார்கள். காலியான வங்கி, காலியான மாளிகை, அதைக் காக்கும் கம்பி. மேரி பிரவுன் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். அவர் கருவியில் உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் முதல் செய்தி. வந்திருப்பது யார் என்று முடிவுசெய்வதும் அவள்தான். இன்று வாசலில் நிற்பவரைத் திரையில் காட்டும் வீட்டுக் கருவிகள் அந்தக் காப்புரிமையை முன்னோடியாகச் சொல்கின்றன. கேமராவை எடுத்துக்கொண்டோம். கட்டிலில் இருந்தவரை விட்டுவிட்டோமோ என்று சில சமயம் நினைப்பேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னால் இப்போதெல்லாம் நான் அலாரத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன். கைப்பேசியைப் பார்த்து மோடு மாற்றும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். வெளியே போகிறவர் கையால் ‘ஸ்டே’ அழுத்தட்டும். பெரியவர்களுக்கு அவர்களுக்கென்று ஒரு நாலு இலக்க எண் கொடுங்கள், மறக்காத எண்ணாக. கல்யாண வருஷம் பெரும்பாலும் மறக்காது. ஒரு தடவை சைரனை அடிக்கவிட்டு, அவர்கள் கையாலேயே நிறுத்தச் சொல்லிப் பழக்குங்கள்.

அம்மா அடுத்த முறை வந்தபோது அக்கா வீட்டில் இப்படித்தான் செய்தோம். பெட்டியில் ஒரு பதிவேடு இருக்கும். எந்த நேரத்தில் யார் எண் அழுத்தினார்கள் என்று வரிசையாக வரும். அக்கா ஒருநாள் அதைப் படம் பிடித்து அனுப்பினாள். காலை 5.10, மூன்றாம் பயனர், அலாரம் நிறுத்தப்பட்டது. கொல்லைக் கதவு திறந்தது. கோலம் போட்டுவிட்டு வந்து மூடியிருக்கிறார்.