சோதனைக்கூடத்திலிருந்து சாலைக்கு: மின்வாகனத் தூர அளவீட்டின் வரலாறு

முன்னுரை

ஒருமுறை சார்ஜ் செய்தால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதே மின்வாகனம் வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி. விளம்பரம் சொல்லும் தூரமும் சாலையில் கிடைக்கும் தூரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பேட்டரியைவிட, தூரத்தை அளக்கும் முறையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

விதியற்ற காலம்

1907 முதல் அமெரிக்காவில் தயாரான டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார் ஒரு சார்ஜுக்குச் சுமார் 130 கி.மீ. ஓடும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஒரு சோதனை ஓட்டத்தில் அந்நிறுவனக் கார் 340 கி.மீ. கடந்தது. எந்த வேகத்தில், எந்தச் சாலையில் அளக்க வேண்டும் என்ற பொதுவிதி அன்று இல்லை. ஆகவே இரண்டு எண்களையும் ஒப்பிட வழியில்லாமல் போயிற்று.

ஒரு கார், நான்கு எண்கள்

பின்னாளில் விதிகள் வந்தன. உருளைகளின்மேல் காரை நிறுத்தி, வினாடிக்கு வினாடி வகுத்த வேக அட்டவணைப்படி ஓட்டி அளந்தார்கள். ஐரோப்பாவின் என்.இ.டி.சி. சோதனை 1,180 வினாடி நீண்டது. சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. கூட இல்லை, ஏசி அணைக்கப்பட்டிருந்தது.

2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப், இவ்விதிகளின் போதாமையை வெளிப்படுத்தியது. அதன் 24 கிலோவாட் மணி பேட்டரிக்கு ஜப்பானியச் சோதனை 200 கி.மீ. தந்தது, ஐரோப்பியச் சோதனை 175, லாஸ் ஏஞ்சலிஸ் நகர ஓட்டத்தை அடியொற்றிய சோதனை 160. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வில்லையில் இருந்ததோ 117 மட்டுமே. கார் ஒன்றே, பேட்டரி ஒன்றே, மாறியது அளவுகோல்.

வேறுபாட்டின் காரணங்கள்

முதற்காரணம் வேகம். வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். மெதுவாக ஓட்டி அளக்கும் சோதனையில் இச்செலவு வெளிப்படுவதில்லை. அடுத்தது தட்பவெப்பம். ஐந்து மின்கார்களை வைத்து அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறைநிலைக்குக் கீழ் 7 பாகையில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் தூரம் சராசரியாக 41 விழுக்காடு குறைகிறது. 35 பாகை வெயிலில் ஏசி போட்டால் 17 விழுக்காடு. இவற்றோடு சேர்த்துக் கருத வேண்டியது சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பு; அது தூரத்தைக் குறைப்பதில்லை, மின்செலவைக் கூட்டுகிறது. லீஃபின் அமெரிக்க வில்லை 100 கி.மீ.க்குச் சுமார் 21 கிலோவாட் மணி செலவு என்றது. அது பிளக்கில் அளந்த கணக்கு. கட்டணம் செலுத்துபவருக்கு உரிய கணக்கும் அதுவே.

திருத்தங்கள்

2008 மாடல் ஆண்டு முதல் அமெரிக்க முகமை அதிவேகம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றையும் தன் கணக்கில் சேர்த்தது. மின்கார்களுக்குச் சோதனைக்கூட எண்ணை 0.7-ஆல் பெருக்கும் எளிய வழியும் உண்டு. ஐரோப்பா 2017 செப்டம்பரில் டபிள்யு.எல்.டி.பி. முறைக்கு மாறத் தொடங்கியது. அதில் சோதனை 1,800 வினாடி. உச்ச வேகம் 131 கி.மீ.

இந்திய நிலை

இந்தியக் கார்ச் சோதனையின் உச்ச வேகம் 90 கி.மீ.; இருசக்கர வாகனச் சோதனையில் வெறும் 42 கி.மீ. இக்குறையை நிறுவனங்களே உணர்ந்து தனி எண் தரத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் இருவர் தொடங்கி, ஓசூரில் ஆலை நிறுவிய ஏதர் நிறுவனம், 2022-இல் வந்த மூன்றாம் தலைமுறை 450எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றளிக்கப்பட்ட 146 கி.மீ.யுடன், சாலையில் கிடைக்கும் தூரம் 105 கி.மீ. என்றும் அறிவித்தது. இவ்விகிதம் 0.72. அமெரிக்க முகமையின் 0.7-ஐ இது ஏறத்தாழ ஒத்திருப்பது கருதத்தக்கது.

முடிவுரை

சோதனை சாலையை நெருங்க நெருங்க எண் சுருங்கியது, நம்பகத்தன்மை கூடியது. நேர்மையான எண்ணைத் தருவது நிறுவனத்தின் விருப்பமாக இருந்தால் போதாது. அது சட்டமாக வேண்டும். 35 பாகை வெப்பத்தில் ஏசி ஓடும்போது கிடைக்கும் தூரமும், பிளக்கில் அளந்த மின்செலவும் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மின்வாகனத்தின் வில்லையிலும் அச்சிடப்பட வேண்டும்.